43 வயதில் வெர்லாண்டர் எங்கே போகலாம்? 300-ஐ மறந்துவிட்டு டெட்ராய்ட்டைப் பார்க்கலாம்!

பிப்ரவரி நடுவில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அணிகள் பயிற்சி முகாம்களைத் திறக்கும். பாதி அணிகள் ஃப்ளோரிடாவில், மீதி அரிசோனாவில். மற்ற வீரர்கள் வருவதற்குச் சில நாள்கள் முன்பே பிட்ச்சர்களும் கேட்ச்சர்களும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பிட்ச்சர் என்றால் பந்தை எறிபவர், நம்ம கிரிக்கெட்டின் பௌலர் மாதிரி. கேட்ச்சர் என்றால் ஏறக்குறைய விக்கெட் கீப்பர்.

ஜஸ்டின் வெர்லாண்டருக்கு எந்த முகாம் என்று 2026 ஜனவரியிலும் தெரியவில்லை. இருபது வருஷத்துக்கும் மேலாகப் பந்து எறிந்து வருபவர், அப்போது எந்த அணியிலும் இல்லை. பிப்ரவரி 20 வந்தால் 43 வயது. ரிட்டயர் ஆகும் யோசனை இருக்கிறதா என்றால், இல்லை. 45 வயது வரை ஆட வேண்டும் என்று பல வருஷமாகவே சொல்லி வருகிறார்.

எங்கே போவார் என்பதைவிட, எங்கே போனால் அர்த்தம் இருக்கும் என்பதுதான் சுவாரஸ்யமான கேள்வி. ரசிகர்கள் இதைப் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணை வைத்துப் பார்க்கிறார்கள்: 300. அந்த எண்தான் இந்த விவாதத்தையே தப்பான பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

யார் இந்த வெர்லாண்டர்?

2004 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக டெட்ராய்ட் டைகர்ஸ் அணி எடுத்த வீரர். 2005-ல் அறிமுகம். 2006-ல் சிறந்த புதுமுக விருது. 2011-ல் 24 வெற்றி, 5 தோல்வி, 250 ஸ்ட்ரைக்அவுட். அந்த ஒரே வருஷத்தில் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது, லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருது இரண்டையும் வாங்கினார். பிட்ச்சருக்கு இரண்டாவது விருது கிடைப்பது அபூர்வம்.

2017 ஆகஸ்ட் 31 நள்ளிரவில், கெடு முடிய சில நொடிகளே இருந்தபோது ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு மாறினார். அதே வருஷம் உலகத் தொடர் கோப்பை. 2022-ல் இன்னொன்று. 2020-ல் முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை, 2021 முழுக்க வீட்டில். 'கதை முடிஞ்சது' என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், 39 வயதில் திரும்பி வந்து 18 வெற்றி, 4 தோல்வி, மூன்றாவது சை யங்!

அதோடு மூன்று நோ-ஹிட்டர். அதாவது, முழு ஆட்டத்திலும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முடித்த ஆட்டங்கள் மூன்று. பலருக்கு வாழ்நாளில் ஒன்றுகூட அமையாது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஜேம்ஸ் ஆண்டர்சன் ஞாபகம் வரலாம். 704 டெஸ்ட் விக்கெட் எடுத்த ஆண்டர்சன், 2024 ஜூலையில் 41 வயதில் லார்ட்ஸில் விடைபெற்றார். இங்கிலாந்து அணி எதிர்காலத்தைப் பார்க்க முடிவெடுத்தபோது, டெஸ்ட் ஆட அவருக்கு வேறு நாடு கிடையாது. வெர்லாண்டர் நிலைமை வேறு. ஒரு அணி வேண்டாம் என்றாலும் இன்னும் 29 கதவுகள் இருக்கின்றன.

காரணம், 2026 ஜனவரியில் அவர் ஃப்ரீ ஏஜென்ட். மேஜர் லீக்கில் ஆறு வருஷ சேவையை முடித்த வீரர், ஒப்பந்தம் முடிந்ததும் யாரோடு வேண்டுமானாலும் பேசலாம். ஐபிஎல் ஏலத்தில் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எந்த அணி எடுக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். இங்கே கடைசி வார்த்தை வீரருடையது.

300 என்னும் மாயமான்

2025 சீசன் முடிவில் வெர்லாண்டர் கையில் 266 வெற்றிகள். பேஸ்பால் வரலாற்றில் 300 வெற்றியைத் தொட்டவர்கள் மொத்தமே 24 பேர். கடைசியாகத் தொட்டவர் ராண்டி ஜான்சன், 2009 ஜூனில், 45 வயதில், சான் பிரான்சிஸ்கோ ஜெயண்ட்ஸ் சட்டையில். வெர்லாண்டரும் 2025-ல் அதே அணிக்குத்தான் ஆடினார் என்பதால் ஒப்பீடு தானாகவே வந்துவிட்டது.

ஆனால் ஜான்சன் ஜெயண்ட்ஸுக்கு வந்தபோது தேவைப்பட்டது வெறும் 5 வெற்றி. வெர்லாண்டருக்குத் தேவை 34. கடந்த மூன்று சீசன்களில் அவர் எடுத்தது 13, 5, 4. ஆக மொத்தம் 22. இதே வேகத்தில் போனால் 300-ஐத் தொடும்போது வயது 47 ஆகியிருக்கும். அதுவரை தோள் ஒத்துழைக்க வேண்டும், கழுத்து ஒத்துழைக்க வேண்டும், ஏதோ ஒரு அணியின் பொது மேலாளரும் ஒத்துழைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். பிட்ச்சரின் 'வெற்றி' என்பதே விநோதமான கணக்கு. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் எறிய வேண்டும். அவர் வெளியே வரும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு கடைசி வரை அந்த முன்னிலை ஒருமுறைகூடப் போகக் கூடாது. இதில் முதலாவது மட்டும்தான் ஓரளவு அவர் கையில். மீதி எல்லாம் பேட்டர்கள் கையிலும், பின்னால் வந்து எறியும் புல்பென் கையிலும் இருக்கிறது. 2018-ல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.70 ரன் மட்டுமே கொடுத்து சை யங் வாங்கினார். அவர் கணக்கில் விழுந்த வெற்றிகள் 10, தோல்விகள் 9. அணி ரன் அடிக்காவிட்டால் பிட்ச்சர் என்னதான் செய்வார்?

வெர்லாண்டருக்கு 2025-ல் நடந்ததும் இதுதான். ஜெயண்ட்ஸுக்காக முதல் 16 ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை, 8 தோல்வி. முதல் வெற்றி வந்ததே ஜூலை 23, அட்லாண்டாவில். சீசன் முடிவில் 4 வெற்றி, 11 தோல்வி. ஸ்கோர்கார்டை மட்டும் பார்த்தால், 'பெரியவரே, போதும், கிளம்புங்க' என்றுதான் தோன்றும்.

அதே சீசனின் மற்ற எண்களைப் பாருங்கள். 29 ஆட்டங்களைத் தொடங்கினார். 152 இன்னிங்ஸ், 137 ஸ்ட்ரைக்அவுட். ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன் சராசரி 3.85, முந்தைய வருஷம் ஹூஸ்டனில் இது 5.48. லீக் சராசரியை ஒட்டிய எண், அவ்வளவுதான். சூப்பர்ஸ்டார் எண் இல்லை. ஆனால் 42 வயதில், சீசன் போகப் போக மோசமாகாமல் நன்றாக ஆனவர் அவர். பிற்பாதியில் எறிந்தது முற்பாதியைவிடத் தெளிவாகவே நன்றாக இருந்தது. வேகப்பந்து இன்னும் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தொடுகிறது. செப்டம்பரில் கேலார்ட் பெர்ரியைத் தாண்டி, வரலாற்றில் அதிக ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவர்கள் பட்டியலில் எட்டாவது இடம். 2025 முடிவில் 3,553.

ஆக, அவரிடம் வாங்குவதற்கு இன்னும் சரக்கு இருக்கிறது. ஆனால் அந்தச் சரக்கின் பெயர் 'வெற்றி' இல்லை, 'இன்னிங்ஸ்'.

இன்னிங்ஸ் யாருக்குத் தேவை?

162 ஆட்டம் கொண்ட சீசனில் ஐந்து பிட்ச்சர்கள் சுழற்சி முறையில் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். இதை ரொட்டேஷன் என்கிறார்கள். ஆளுக்கு 32, 33 ஆட்டம். 2011-ல் வெர்லாண்டர் ஒருவரே 251 இன்னிங்ஸ் எறிந்தார். 2025-ல் லீக்கிலேயே அதிகம் எறிந்த லோகன் வெப்பின் கணக்கு 207. காயம், எச்சரிக்கை, புல்பென் மோகம் எல்லாம் சேர்ந்து இன்னிங்ஸை அரிதான பொருளாக்கிவிட்டன. அதனால்தான் சராசரியாக ஆடும் 43 வயதுக்காரருக்கும் மார்க்கெட் இருக்கிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் முதல் பெயர் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ். 2024, 2025 இரண்டு வருஷமும் கோப்பை வென்ற அணி; கிளேட்டன் கெர்ஷாவும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நட்சத்திரங்கள் குவிந்த அந்த ரொட்டேஷனில் வெர்லாண்டர் ஏழாவதோ எட்டாவதோ ஆளாகத்தான் இருப்பார். கெர்ஷாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 18 சீசன் ஒரே அணிக்கு ஆடியவர். 18 இன்னிங்ஸ் நீண்ட உலகத் தொடர் மூன்றாவது ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்த வேலை ஒரே ஒரு அவுட். தளங்கள் நிறைந்திருந்த நெருக்கடியில் அதை அழகாக எடுத்துக் கொடுத்தார். அது கெர்ஷாவின் வீடு, அதனால் அழகு. வெளியிலிருந்து வரும் வெர்லாண்டருக்கு அதே வேலை கிடைத்தால் அது வெறும் ஓரச் சீட்டு. கோப்பையும் அவரிடம் ஏற்கனவே இரண்டு இருக்கிறது.

ஹூஸ்டன்? இரண்டு முறை போய்விட்டு வந்த இடம். 2024 பிளேஆஃப் அணிப் பட்டியலில் அவர் பெயரே இல்லாமல் போனதோடு அந்தக் கதை முடிந்தது. மூன்றாவது முறை கதவைத் தட்டுவதில் யாருக்கும் லாபம் இல்லை.

ஜெயண்ட்ஸோடு தொடர்வது மோசமான முடிவு என்று சொல்லிவிட முடியாது. வெர்லாண்டரின் பந்துகளை பேட்டர்கள் பெரும்பாலும் உயரமாகத் தூக்கி அடிப்பார்கள். கடற்கரையோரம் இருக்கும் ஆரக்கிள் பார்க்கில் அந்தப் பந்துகள் ஹோம்ரன் ஆகாமல் நிறைய கேட்ச்சாக முடியும். ஆனால் 81 வெற்றி, 81 தோல்வியோடு முடித்த அணி, மேலாளரை மாற்றியிருக்கிறது. புதிதாக வருபவர் டோனி விட்டெல்லோ. டென்னஸி பல்கலைக்கழகத்தில் பெயர் எடுத்தவர், மேஜர் லீக் அணியை நடத்துவது இதுதான் முதல்முறை. அணியே தன்னைத் தேடிக்கொண்டிருக்கும் வருஷத்தில், ஒரு வருஷம் மட்டும் உறுதியாக இருக்கும் பிட்ச்சர் அங்கே என்ன செய்வார்?

மிச்சம் இருப்பது டெட்ராய்ட். இதை 'சென்டிமென்ட்' என்று ஒதுக்குபவர்கள் உண்டு. சென்டிமென்ட் இல்லாமல் இல்லை. அவருடைய 266 வெற்றிகளில் 183 அந்த அணிக்காக வந்தவை. 2018-ல் ஹூஸ்டன் சட்டையில் அங்கே எறியப் போனபோது, எதிரணி வீரர் என்றும் பார்க்காமல் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். டெட்ராய்ட்டோடு 2006, 2012 என்று இரண்டு உலகத் தொடர்களில் ஆடி, இரண்டிலும் தோல்வி. அந்த ஊர் கடைசியாகக் கோப்பை பார்த்தது 1984-ல்.

ஆனால் சென்டிமென்ட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு சரியாகவே வருகிறது.

டைகர்ஸின் தலைமை பிட்ச்சர் டாரிக் ஸ்கூபல், 2024, 2025 இரண்டிலும் சை யங் வென்றவர். 2026 சீசன் முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட். அதாவது இந்த அணிக்கு உறுதியாகக் கையில் இருப்பது இந்த ஒரு வருஷம். வெர்லாண்டருக்கும் அதேதான். மூன்று, நான்கு வருஷம் கேட்கும் பிட்ச்சருக்கும் டைகர்ஸுக்கும் தேவைகள் முட்டிக்கொள்ளலாம். ஒரு வருஷம் மட்டும் கேட்பவரோடு அந்தச் சிக்கலே இல்லை.

அடுத்து, பற்றாக்குறை. பெரிதாக வருவார் என்று எதிர்பார்த்த இளம் பிட்ச்சர் ஜாக்சன் ஜோப் 2025 ஜூனில் டாமி ஜான் அறுவை சிகிச்சைக்குப் போனார். 2026-ன் பெரும்பகுதியும் போச்சு. ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை டைகர்ஸ் போன வருஷமே பார்த்துவிட்டது. கிளீவ்லாண்ட் கார்டியன்ஸைவிட 15-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் முன்னால் இருந்த அணி, பிரிவுப் பட்டத்தையே கோட்டைவிட்டது. எப்படியோ பிளேஆஃபுக்குள் நுழைந்து, அதே கிளீவ்லாண்டை வீழ்த்தி, கடைசியில் சியாட்டிலிடம் 15 இன்னிங்ஸ் ஆட்டத்தில் 3-2 என்று தோற்றது. அன்று ஸ்கூபல் ஆறு இன்னிங்ஸில் 13 ஸ்ட்ரைக்அவுட் எடுத்துவிட்டு, முன்னிலையோடுதான் வெளியே வந்தார். அவருக்குக் கணக்கில் வெற்றி விழவில்லை. அந்த 'வெற்றி' கணக்கு எவ்வளவு அபத்தம் என்பதற்கு இன்னொரு உதாரணம் தேவையா என்ன?

மூன்றாவதாக ஒரு மனிதர்: டைகர்ஸ் மேலாளர் ஏ.ஜே.ஹின்ச். 2017 முதல் 2019 வரை ஹூஸ்டனில் வெர்லாண்டரின் மேலாளர் இவர்தான். எந்த நாளில் இந்த ஆளை இன்னும் ஒரு இன்னிங்ஸ் விடலாம், எந்த நாளில் எவ்வளவு முறைத்தாலும் பந்தை வாங்கிவிட வேண்டும் என்பது தெரிந்தவர். 43 வயது பிட்ச்சருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு துணுக்கும் உண்டு: 2017-ல் வெர்லாண்டரைக் கொடுத்து டெட்ராய்ட் வாங்கிய மூன்று இளைஞர்களில் ஒருவர் கேட்ச்சர் ஜேக் ராஜர்ஸ். அவர் இன்னும் டைகர்ஸில்தான் இருக்கிறார். யாருக்காக மாற்றப்பட்டாரோ அவருடைய பந்தையே உட்கார்ந்து பிடிக்க வேண்டியிருக்கும்!

சொந்த ஊருக்குத் திரும்பியவர்கள் கதை

இதற்கு எதிரான வாதம் பலவீனமானது இல்லை. வீடு திரும்புதல் எல்லோருக்கும் நன்றாக முடிவதில்லை.

ஸாக் கிரெய்ன்கி தான் தொடங்கிய கேன்சஸ் சிட்டி ராயல்ஸுக்கே திரும்பி வந்தார். 2023 சீசனில் 2 வெற்றி, 15 தோல்வி. 3,000 ஸ்ட்ரைக்அவுட்டுக்கு வெறும் 21 குறைவாக, 2,979-ல் நின்றுவிட்டது. செயின்ட் லூயிஸின் ஆடம் வெயின்ரைட் ஊரை விட்டே போகவில்லை. 200-வது வெற்றிக்காக 2023-லும் ஆடினார். செப்டம்பரில் 200 வந்தது, மைதானமே கொண்டாடியது. ஆனால் அந்த சீசனில் அவர் ரன் சராசரி 7.40. அணி தன் பிரிவில் கடைசி இடம். ஒரு மனிதரின் மைல்கல்லுக்காக ஒரு இளம் பிட்ச்சரின் இடம் வாரா வாரம் செலவானது என்று யாராவது சொன்னால், மறுப்பது கஷ்டம்.

டைகர்ஸுக்கு இந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. 2025 ஜூலை கடைசியில் 41 வயது சார்லி மோர்ட்டனை வாங்கினார்கள். ரன் சராசரி 7-ஐத் தாண்டியதும் செப்டம்பரில் விடுவித்துவிட்டார்கள். 'மறுபடியும் ஒரு தாத்தாவா?' என்று டெட்ராய்ட் ரசிகர் கேட்டால் அதில் நியாயம் உண்டு.

ஆனால் வெயின்ரைட்டின் கதையைக் கவனியுங்கள். அங்கே அணியும் வீரரும் சேர்ந்தே ஒரு எண்ணைத் துரத்தினார்கள். 200-க்கு ஐந்தே வெற்றி குறைவு, கைக்கு எட்டும் தூரம். அதனால் நிறுத்த மனசு வரவில்லை. வெர்லாண்டருக்கு 300 எட்டாத தூரத்தில் இருப்பதுதான் டெட்ராய்ட்டுக்கு வசதி. துரத்த எண் இல்லை என்றால், நன்றாக எறியாத நாளில் அவரை உட்கார வைப்பது சுலபம். இதை அவரே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் உண்மையான நிபந்தனை.

எவ்வளவு கொடுக்கலாம்?

2022 டிசம்பரில் மெட்ஸ் அவருக்கு வருஷத்துக்கு 4.33 கோடி டாலர் என்று இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டது. மேக்ஸ் ஷெர்சருக்கும் அதே தொகை. 2023 சீசன் முடிவதற்குள் இரண்டு பேரையும் வேறு அணிகளுக்கு மாற்றிவிட்டது. 2025-ல் ஜெயண்ட்ஸ் கொடுத்தது 1.5 கோடி. இந்த முறை அதையும்விடக் குறைந்தால் ஆச்சரியம் இல்லை.

சரியான வடிவம், அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாக வைத்து, மேலே போனஸ் சேர்ப்பது. இங்கே பலருக்குத் தெரியாத விதி ஒன்று இருக்கிறது. மேஜர் லீக்கில் வெற்றி எண்ணிக்கை, ஸ்ட்ரைக்அவுட், ரன் சராசரி போன்றவற்றுக்கு போனஸ் எழுத அனுமதி கிடையாது. எத்தனை ஆட்டம் தொடங்கினார், எத்தனை இன்னிங்ஸ் எறிந்தார், அணிப் பட்டியலில் எத்தனை நாள் இருந்தார், என்ன விருது வாங்கினார் என்பவற்றுக்குத்தான் எழுதலாம். 300-வது வெற்றிக்கு விலை போட யாருக்கும் உரிமையே இல்லை! 100 இன்னிங்ஸ் தாண்டினால் இவ்வளவு, 130 தாண்டினால் இவ்வளவு என்று போட்டுவிட்டால், தோள் சரியில்லாமல் போனால் அணிக்குப் பெரிய நஷ்டம் இல்லை. தாங்கினால் அவருக்கு முழுச் சம்பளம்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வீரர்கள் சங்கத்துக்கும் அணி உரிமையாளர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது. கடந்த முறை இப்படி முடிந்தபோது உரிமையாளர்கள் போட்ட லாக்அவுட் 99 நாள் நீடித்தது. 25 வயது வீரருக்கு அது தலைவலி. அடுத்த பிப்ரவரியில் 44 ஆகப்போகிறவருக்கு, 2027 முகாம் ஒரு மாசம் தள்ளிப்போனாலே கதை மாறிவிடலாம். 45 வரை ஆட ஆசைப்படலாம், தப்பில்லை. ஆனால் கையெழுத்துப் போடும்போது, இதுதான் கடைசி வருஷம் என்று எண்ணிப் போடுவதே புத்திசாலித்தனம்.

டைகர்ஸின் முகாம் ஃப்ளோரிடாவில், லேக்லாண்டில். வெர்லாண்டர் இளைஞனாகப் பந்து எறிந்து பழகிய அதே ஊர். 2026 ஜனவரியில், பிட்ச்சர்கள் வந்து சேர இன்னும் சில வாரம்தான் இருந்தது.